ஸ்டெல்லா சிஸ்டரும் நாலு பை ரத்தமும்

ஸ்டெல்லா சிஸ்டருக்காக ரத்தம் கொடுத்துவிட்டு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. சிஸ்டர் போய்விட்டாராம். "யாருங்க பேசறது? எந்த ஸ்டெல்லா?" என்று மூன்று முறை கேட்டேன். பேசியது அவருடைய கணவர். அந்த மனிதரிடமே அத்தாட்சி கேட்ட ஆள் நான்.

ஆஸ்பத்திரியில் சிஸ்டரோடு வேலை பார்த்தவர்களுக்கு என்னை நினைவிருக்கும். ஒன்பது வயது மகளுக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது, ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி வராந்தாவில் நின்றவன். படிப்பு பத்தாவது, சந்தேகத்தில் மட்டும் டாக்டர் பட்டம்.

ரத்தம் கொடுக்க நான்கு பேரைக் கூட்டிவரச் சொன்னார்கள். செம்பாக்கத்திலிருந்து மச்சான் குமாரையும் அவன் நண்பர்கள் மூவரையும் ஆட்டோவில் அடைத்துக் கொண்டுபோனேன். ஆபரேஷன் முடிந்து சிஸ்டர் வெளியே வந்தார். "பாப்பா நல்லா இருக்கா சார். வெளி ரத்தம் ஒரு பைகூட ஏத்தல."

முதல் பாதி என் காதில் விழவே இல்லை. "அப்ப எங்க நாலு பை எங்க போச்சு? வித்துட்டீங்களா?"

சிஸ்டர் கோபப்படவில்லை. ஆபரேஷனில் வழிகிற ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, அவளுக்கே திருப்பி ஏற்றுகிற மெஷின் ஒன்று உண்டு, அதைப் பார்த்துக்கொள்வது தான்தான் என்றார்.

"கழுவுனதையா ஏத்துனீங்க?"

"அவ ரத்தம்தான் சார். உங்க மச்சான் ரத்தத்தைவிட அவளுக்குப் பழக்கம்."

"சரி, நாலு பை?"

"வேற யாருக்கோ போகும். யாருக்குன்னு கேக்காதீங்க."

மறுநாள் அவரே என்னைத் தேடி வந்தார். "காலைல துடிப்பு ரொம்ப எறங்கிடுச்சு சார். அட்ரினலின் போட்டு மேல கொண்டாந்தோம். இப்ப பரவால்ல. நீங்க எப்படியும் மோப்பம் புடிப்பீங்க, அதான் நானே சொல்லிடறேன்." கேட்காமலே ஏன் சொல்கிறார் என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மகள் கையசைத்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். தாம்பரம் ரயிலில் எதிரே யார் உட்கார்ந்தாலும், இவருக்குள் குமார் ரத்தம் ஓடுகிறதோ என்று இன்னமும் உற்றுப் பார்ப்பேன். வருஷா வருஷம் மகளைச் செக்கப்புக்குக் கூட்டிப்போகும்போது இதைச் சொன்னால் சிஸ்டர் சிரிப்பார். "நீங்க திருந்தவே மாட்டீங்க சார்."

இந்த வாரம் அவருக்கே இதய ஆபரேஷன். யாரும் கூப்பிடாமலே நானும் குமாரும் போனோம். நாங்கள் கொடுத்தது அவரிடம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

படியிறங்கும்போது குமார் கேட்டான்: "மாமா, அப்ப நம்ம ரெண்டு பை?"

"வேற யாருக்கோ போகும். யாருக்குன்னு கேக்காத, வா."

சிஸ்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு பதில்தான். இதை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை.