கண்ணாடி இல்லாமல் வாசித்த முகவுரை

படிக்கிற கண்ணாடி போட்டால் போட்டோவில் கிழவனாகத் தெரிவேன் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போன முட்டாள் நான். போன இடம் கல்யாண வீடல்ல. வங்காளிகள் நிறைந்த லேக் கார்டன்ஸில் எங்கள் தெரு கிளப். அரசியலமைப்பு நாளுக்காக மைக்கில் முகவுரையைத் தமிழில் வாசிக்கப் போயிருந்தேன்.

அந்த மைக் சும்மா கிடைக்கவில்லை. வங்காளம், இந்தி, ஆங்கிலம் போதும் என்றார் கிளப் செயலாளர். தெருவில் ஒரே தமிழ் வீடு எங்களுடையது. "மக்களாகிய நாம்னுதானே தொடங்குது தாதா, நாங்க மக்கள் இல்லையா?" என்று டீக்கடையில் அவரை விடாமல் மடக்கினேன். தாதா என்றால் இங்கே அண்ணன்.

கடைசியில் இறங்கி வந்தார். "சரி, ஒரு தடவை பாக்கலாம். சொதப்பினீங்கன்னா அடுத்த வருஷம் தமிழ் கிடையாது."

ஒருவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல வேண்டும். கூட்டம் எழுந்து நின்று திருப்பிச் சொல்லும். மொழி புரியாவிட்டாலும் சொல்லும். அதுதான் ஏற்பாடு. குரங்குக் குல்லாயும் சால்வையுமாகத் தெருவே என்னைப் பார்த்து நின்றது. காளி பூஜைக்குக் கட்டிய ஒலிபெருக்கியை இன்னும் இறக்கவில்லை.

"இந்திய மக்களாகிய நாம்" என்றேன், மனப்பாடமாக. கூட்டம் திருப்பிச் சொன்னது. எனக்குப் புல்லரித்தது. அப்புறம் தாளைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு கிடந்தது. தள்ளிப் பிடித்தேன். கை நீளம் போதவில்லை.

முன்வரிசையில் என் மனைவி. தெருவுக்கே அவள் 'பௌதி', அதாவது அண்ணி. குனிந்து அவளிடம் ரகசியமாகக் கேட்டேன். கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டேன்.

"ஏம்மா, என் கண்ணாடி கொண்டாந்தியா?"

தெரு மொத்தமும் பக்தியோடு முழங்கியது: "ஏம்மா, என் கண்ணாடி கொண்டாந்தியா?"

"ஐயையோ, இது இல்ல!"

"ஐயையோ, இது இல்ல!" செயலாளர் நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடி, எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னார்.

மனைவி எழுந்து வந்தாள். முதலில் மைக்கைப் பொத்தினாள்.

"தள்ளுங்க. கிளம்பும்போதே சொன்னேன், கேட்டீங்களா?"

தாளைப் பிடுங்கி, விட்ட இடத்திலிருந்து நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். நீதி என்றாள், சமத்துவம் என்றாள். வங்காள நாக்குகள் தடுக்கி விழாமல் கூடவே வந்தன. நானும் இறங்கிப்போய்க் கூட்டத்தோடு நின்று சொன்னேன்.

முடிந்ததும் மண் குவளை டீயோடு செயலாளரிடம் மெல்லப் போனேன்.

"தாதா, அடுத்த வருஷம் தமிழ்...?"

"தமிழ் உண்டு," என்றார். "பௌதி வாசிப்பாங்க. நீங்க நாற்காலி தூக்கிப் போடுங்க."