ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால், ஒரு மாடி வீட்டில் ஜோதி தனியாக இருந்தாள். வயது நாற்பத்திரண்டு. நாமக்கல் முட்டைப் பண்ணை ஒன்றின் சேலம் அலுவலகத்தில் வேலை. அம்மா இறந்த பிறகு அவளுக்கென்று இருந்தது கனடாவில் குடும்பத்தோடு இருக்கும் தம்பி மதன் மட்டும்தான்.

ஞாயிறு காலைகளில் இருவரும் இணையத்தில் ஒரே ஆட்டத்துக்குள் இறங்குவார்கள். மரம் வெட்டிக் குடிசை போட வேண்டும், ஓநாய் வந்தால் விரட்ட வேண்டும். அதற்காகத்தான் போன தடவை ஊருக்கு வந்தபோது மதன் அவளுடைய பழைய கம்ப்யூட்டரில், அது வேகமாக ஓடட்டும் என்று, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

அந்த ஞாயிறு ஆட்டம் திக்கித் திக்கி நகர்ந்தது. எழுத்துகள் ஊதிப் பெருத்திருந்தன. முந்தின நாள் கம்ப்யூட்டர் அப்டேட் கேட்டபோது சரியென்று அழுத்தியிருந்தாள். தம்பிக்குப் போன் செய்து சொன்னாள்.

"கிராபிக்ஸ் டிரைவர் போயிருக்கும்க்கா, படம் காட்டுற புரோகிராம். அடுத்த வாரம் பாக்கலாமா?"

"செரி சாமி. சாப்ட்டியா?"

"ஆச்சு. நீ?"

"இனிமேத்தான்."

ஆட்டத்தில் மைக்கில் பேசிக்கொண்டே விறகு அடுக்கும்போது அம்மாவின் கோபம், அவனுடைய மேனேஜரின் குணம் என்று எல்லாம் தானாக வரும். போனில் எதுவும் வரவில்லை. "வெக்கட்டுமாக்கா?" என்றான் மதன்.

பேசி முடித்ததும் ஜோதி செல்போனிலேயே தேடினாள். கணினி தொடங்கும்போது பழைய கெர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியின் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் பார் என்று முகம் தெரியாத ஒருவர் எங்கோ எழுதியிருந்தார். அப்படியே செய்தாள், படம் தெளிந்தது. அப்டேட்டில் கெர்னல் புதிதாகிவிட்டது, அதற்கேற்ற டிரைவர் உருவாகவில்லை என்று புரிந்தது. விட்டுப்போன கோப்புகளை இறக்கி, டிரைவரை மறுபடி நிறுவினாள். கட்டளையில் ஓர் எழுத்து தவறியதால் முதல் தடவை கறுப்புத் திரைதான் வந்தது. திரும்பவும் செய்தாள். மதியத்துக்குள் ஓநாய் தடையில்லாமல் ஓடியது.

"செரியாயிருச்சு. வாரியா?" என்று மதனுக்கு அனுப்பினாள். அங்கே நடு ராத்திரி தாண்டியிருக்கும் என்பது அனுப்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. தனியாகவே ஆட்டத்துக்குள் போனாள். ஓநாயை விரட்டிவிட்டு, "போயிருச்சு சாமி" என்று மைக்கில் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு மதன் ஆட்டத்துக்குள் வந்தான். டிரைவரை எப்படிச் சரிசெய்தாள் என்று கேட்டான். அவள் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "பையன் எந்திரிச்சுட்டான்க்கா, இரு வாரேன்" என்று மைக்கை விட்டுப் போனான்.

ஆட்டத்தில் அவன் உருவம் மட்டும் அடுப்பருகே அசையாமல் நின்றது. ஜோதி வெளியேறவில்லை. அவன் நின்ற இடத்தைச் சுற்றி வேலி போடத் தொடங்கினாள்.