காசிராஜன் ஆட்டிய பூமி

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் காசிராஜன் ஏறினால் கண்டக்டர் முதலில் அவர் பையைத்தான் பார்ப்பார். "அண்ணாச்சி, உள்ள மருந்து கிருந்து இல்லையே?"

"இருந்தா, நீ டிக்கெட்டக் கிழிக்கதுக்குள்ள தென்காசில போய் விழுந்திருப்பே!"

பஸ்ஸே சிரிக்கும். கிணற்றுப் பாறைக்கு வேட்டு வைப்பது அவர் தொழில். இருபத்திரண்டு வருஷம், நூற்றுக்கு மேல் கிணறு. இழந்தது இடக்கைச் சுண்டுவிரல் ஒன்றுதான். அது போன விதத்துக்கு ஊருக்கு ஒரு கதை வைத்திருந்தார்.

மனுஷன் வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. "நான் திரியைக் கொளுத்துனா குருவிகுளத்துல பூமி ஆடணும் வே!" என்று டீக்கடைக்கு டீக்கடை அளந்துகொண்டு திரிவார். "இந்த வாயி ஒரு நாளைக்கு உங்களை மாட்டிவிடப் போவுது" என்று பெண்டாட்டி இசக்கித்தாய் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை ஏமாற்றிய ஒரு வருஷம். குருவிகுளம் பக்கத்துக் கரிசல் ஊரொன்றில் சுந்தரம்மாள் கிணறு வெட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் இறந்து மூன்று வருஷம். நாலு ஏக்கரும் ஒரு ஜோடி மாடும் அவள் பாடு. நாற்பத்தைந்து அடி போயும் ஈரமில்லை, கீழே கரும்பாறை. அது உடைந்து தண்ணீர் வராவிட்டால் மாட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். பக்கத்துத் தோட்டக்காரர் துரைப்பாண்டிக்கோ வேறு கவலை. அவள் கிணற்றில் ஊற்று கண்டால் தன் கிணறு வற்றிவிடுமாம்.

காசிராஜன் இறங்கிப் பாறையைத் தட்டிப் பார்த்தார். "வழக்கமா நாலு குழி போதும். இது மசியாத பாறை. ஆறு போடுதேன் தாயி" என்றார். போட்டார். மருந்தை அடைத்து, சிவப்புத் துணியை வீசி, "வேட்டு! வேட்டு!" என்று நாலு பக்கமும் கத்திவிட்டுத் திரியில் நெருப்பு வைத்து ஏறி ஓடினார்.

புளிய மரத்தடியில் உட்கார்ந்து எண்ணினார். சரியாக ஆறு வெடி. முடிந்தது என்று எழுந்தவருக்குக் காலடியில் தரை நகர்ந்தது. அட, சத்தியமாக! காற்றே இல்லாமல் புளிய மரம் குலுங்கியது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஊருக்குள் பாத்திரம் உருளும் சத்தம், பொம்பளைகளின் கூச்சல். பத்து விநாடி இருக்கும், அப்புறம் எல்லாம் கம்மென்று ஆகிவிட்டது. ஐயையோ, ஆறு போட்டது தப்போ? காசிராஜன் கிணற்றைப் பார்க்க ஓடினார்.

அரை மணி நேரத்தில் ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. துரைப்பாண்டியின் புது வீட்டுச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல். "பூமியை ஆட்டுவேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான், ஆட்டிட்டாம்லா!" என்று குதித்தார். "எல்லாம் இவ பேராசை. மருந்தை அள்ளி வைக்கச் சொல்லியிருக்கா. இப்பமே கிணத்தை மூடுங்கலே!"

நாலைந்து பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். சுந்தரம்மாள் கிணற்று மேட்டில் குறுக்கே போய் நின்றாள்.

காசிராஜன் நினைத்திருந்தால் அந்தச் சந்தடியில் பஸ் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றார்.

"அந்தப் பிள்ளை ஒண்ணும் சொல்லலை. நாலு குழி போதும்ன இடத்துல ஆறு போட்டது நான். என் திமிரு. என்னைப் பிடிச்சு போலீஸ்ல குடுங்க. லைசென்ஸ் போனா போவட்டும், இனி திரியைத் தொடமாட்டேன். கிணத்துல மட்டும் கைய வைக்காதீக!"

மண்வெட்டிகள் நின்றன. காசிராஜனைப் பஞ்சாயத்து ஆபீஸில் உட்கார வைத்துவிட்டுப் போலீஸுக்கு ஆள் அனுப்பினார்கள்.

சாயங்காலம் அங்கிருந்த ரேடியோ செய்தி சொன்னது. மதியம் பல ஊர்களில் லேசான நில அதிர்ச்சி. பூமிக்கு அடியில் பாறைகள் ஒன்றையொன்று நெருக்கி நழுவுவதால் வருவது, யாரும் பயப்பட வேண்டாம்.

"ஏலே, ராஜபாளையம் வரைக்கும் ஆடியிருக்காம்! அம்புட்டுத் தூரத்துக்கு இவரு எங்கன மருந்து வச்சாரு?" என்று ஒருவன் கேட்டதும் ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. காசிராஜனும் சிரித்தார், போன உயிர் திரும்பியிருந்தது. ஆனால் சுந்தரம்மாளிடம் மன்னிப்பு என்று ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் வாயா வெந்துவிடும்?

மறுநாள் விடியும்போது கிணற்றில் இடுப்பளவு தண்ணீர். ராத்திரியே வீடு போய்ச் சேர்ந்திருந்த காசிராஜன் தகவல் கேட்டு அடுத்த பஸ்ஸில் வந்து குதித்தார். "பாத்தீகளா? ஆறு குழி!"

"போதும் வே" என்றார் துரைப்பாண்டி. "சுவரு விரிஞ்சது பூமியால, தண்ணி மட்டும் உம்மாலயோ? பூமி ஆடுனதுலதான் ஊத்துக்கண்ணு திறந்திருக்கு."

ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். காசிராஜனுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. எது திறந்ததென்று அவருக்கு மட்டும் தெரியுமா என்ன?

சுந்தரம்மாள் முதல் வாளியை இறைத்துச் செம்பில் ஊற்றினாள். ஊர்ப் பெரியவர் என்ற நினைப்பில் துரைப்பாண்டி கையை நீட்டினார். அவரைத் தாண்டி வந்து செம்பைக் காசிராஜனிடம் கொடுத்தாள்.

"எது திறந்துச்சோ, எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நேத்து இவுக மூட வந்தப்போ பூமி வந்து எனக்காவப் பேசலை. நீங்கதான் பேசுனீக. மொதத் தண்ணி நீங்க குடிங்க."

கலங்கல் தண்ணீர். காசிராஜன் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது.