சூளை வாசலுக்காக இளைத்த மாமா

என் மாமாவைப் போல மன உறுதி உள்ள மனிதர் உலகத்திலேயே கிடையாது என்று சின்ன வயதில் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போதும் அதை அடியோடு வாபஸ் வாங்க மாட்டேன்.

அவர் என் அம்மாவின் தம்பி. விருத்தாசலத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய பகுதியில்தான் குடியிருந்தார். பீங்கான் பட்டறையில் அவருக்குச் சூளை அடுக்கும் வேலை. சுடாத ஊறுகாய் ஜாடிகளைச் சூளைக்குள் வரிசை வரிசையாக ஏற்றி அடுக்க வேண்டும். ஓர் அடுக்கு சாய்ந்தால் மொத்தச் சூளையும் வீண். அந்தக் கைவாகு எல்லோருக்கும் வராது என்பதில் மாமாவுக்குப் பெருமை. கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பெண்ணாடத்தில் பெண் எடுத்தார். கரும்பு விளைகிற ஊர் என்பதால் மாமியார் வீட்டிலிருந்து வெல்லமும் அதிரசமும் வந்துகொண்டே இருக்கும். அத்தையின் சமையலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மறுவீடு, ஆடிச் சீர், தலைத் தீபாவளி என்று விருந்துக்கு மேல் விருந்து. மாப்பிள்ளை போதும் என்று சொன்னால் பெண் வீட்டார் முகம் வாடிப் போகும். மாமா யார் முகத்தையும் வாட விட்டதில்லை. ஒரு வருஷத்தில் அவருடைய கல்யாணச் சட்டை என் அப்பாவுக்கு வந்து சேர்ந்தது.

சூடு வெளியேறாமல் இருக்கச் சூளை வாசலை ஒடுக்கமாகத்தான் வைப்பார்கள். ஒருநாள் ஜாடிப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு நுழைந்த மாமா, உள்ளேயும் போக முடியாமல் வெளியேயும் வர முடியாமல் மாட்டிக்கொண்டார். பலகை சரிந்து சுடாத ஜாடிகள் அத்தனையும் நொறுங்கின. மேஸ்திரி சத்தம் போடவில்லை. "ஒனக்காக வாசல இடிச்சிக் கட்ட முடியாது தம்பி. தீபாவளிக்குள்ள ஒடம்பக் கொறைச்சிக்க. இல்லன்னா மண்ணு மிதிக்கப் போயிடு" என்று மட்டும் சொன்னாராம். சூளைக்குள் ராஜாவாக இருந்தவருக்கு அது போதும். அன்று ராத்திரி மாமா சாப்பாட்டைத் தொடவில்லை.

மறுநாள் பட்டறையிலிருந்து வாசலின் அகலத்தைக் கயிற்றில் அளந்துகொண்டு வந்தார். அதே அளவில் கொல்லையில் இரண்டு மூங்கிலை நட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் அதற்குள் நுழைந்து பார்ப்பார். மூங்கில் அசைகிறதா என்று நாங்கள் குழந்தைகள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வோம். வீட்டில் மூங்கில் நட்டால் பந்தல் போட்டு ஏதோ நல்ல காரியம் நடக்கப் போகிறது என்றுதானே அர்த்தம்? பின்வீட்டுக்காரர் வந்து, "என்னா விசேஷம், எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

காலையில் இட்லிக்குப் பதில் கேழ்வரகுக் கூழும் மோரும் சின்ன வெங்காயமும். மத்தியானம் சோறு பாதி, கீரை பாதி, கூடவே கொள்ளு ரசம். பொழுது சாய்ந்த பிறகு எண்ணெய்ப் பலகாரம் கிடையாது. பெண்ணாடத்து அதிரசமெல்லாம் எங்கள் வயிற்றுக்குள் போனது. சைக்கிளை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பட்டறைக்கு நடந்தே போனார். விடியற்காலையில் மணிமுத்தாற்று மணலில் கால் புதையப் புதைய நடந்தார். வேலை வெட்டி இல்லாமல் ஒரு ஆம்பளை ஆற்றில் நடந்தால் ஊர் சிரிக்கும். அதனால் அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு கூடவே போவாள். ஊற்றுத் தண்ணீருக்குப் போகிறார்கள் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். திரும்பும்போது மாமா கையை வீசிக்கொண்டு வருவார். அத்தை நிறைகுடத்தோடு பின்னால் வருவாள்.

எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்த நாளில் அம்மா ஒரு கிண்ணத்தில் ஊற்றி அத்தைக்குக் கொடுத்தாள். அத்தை வாங்கவில்லை. "வேணாங்க அண்ணி. வாசன வந்தாலே அவருக்கு மனசு அலையும். நான் மட்டும் எப்பிடித் தின்றது?" என்றாள். அந்தக் கிண்ணமும் எனக்குத்தான் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமா தோளில் பலகையோடு மூங்கிலுக்கு நடுவே நுழைந்தார். மூங்கில் அசையவில்லை. திரும்பி இன்னொரு தரம் வந்தார். அப்போதும் அசையவில்லை. நாங்கள் கை தட்டினோம். மறுநாள் சூளை வாசலுக்குள் அவர் போய் வந்ததைப் பார்த்த மேஸ்திரி, "சூள ஒனக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தெருவில் யாருக்கு மூச்சு வாங்கினாலும், யாருக்கு முட்டி வலித்தாலும் மாமாவிடம்தான் வந்தார்கள். அவரும் கூழின் மகிமையைச் சலிக்காமல் எடுத்துச் சொன்னார். பக்கத்தில் நின்று கேட்கும்போது எனக்கே பெருமையாக இருக்கும்.

மார்கழிக் கடைசியில் பொங்கல் சீர் கொண்டு வந்தார்கள் அத்தையின் அப்பாவும் அம்மாவும். கரும்புக் கட்டையும் வெல்லத்தையும் இறக்கி வைத்தவர்கள், அடுப்படியிலிருந்து வந்த அத்தையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள். அவளுடைய அம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது.

"ஏண்டி இப்பிடி எளச்சிப் போயிட்ட? இந்த வூட்டுல ஒனக்குச் சோறு போடுறாங்களா இல்லியா?"

தெருவுக்கே ஆரோக்கியம் சொல்லிக் கொடுத்த மாமா தலையைக் குனிந்துகொண்டார். என் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அத்தை மட்டும் சிரித்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. இந்த ஊரு வெயிலு அப்பிடி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குளிருக்கு அப்பாவின் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்த நான், அத்தை எந்த வெயிலைச் சொல்கிறாள் என்று பார்க்க வாசலுக்குப் போனேன்.