அப்பா வந்தால் வரும் காய்ச்சல்

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சிரிக்காதீர்கள்... எட்டாவதில் ஓடிப்போனவன் திரும்பிப் போகக் கூடாதா என்ன?

வாடிப்பட்டிப் பக்கம் கூட்டத்தில் பேசப் போனால் எனக்குச் சோறு போடும் வீடு முருகேசனுடையது. ராணுவத்தில் ஹவில்தார். கெஞ்சி வாங்கிய லீவு முடிந்து, மறுநாள் காலை மதுரையில் ரயில் ஏற வேண்டும். மகள் செல்வி ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்ப வேண்டும் — ஆசை அவ்வளவுதான். இனி எப்போது லீவோ!

பள்ளியில் மறுத்துவிட்டார்கள். இன்னொரு நாள் ஆப்சென்ட் ஆனால் பரீட்சை எழுத முடியாதாம்.

"அண்ணே, நீங்க நாலு ஊர்ல பேசுனவரு. துணைக்கு வாங்கண்ணே" என்று முருகேசனும் அவர் மனைவி பாண்டியம்மாளும் என்னை இழுத்துப் போனார்கள்.

ஹெச்.எம். டீச்சர், செல்வியின் பழைய லீவு லெட்டர்களை மேஜையில் பரப்பினார். எல்லாவற்றிலும் காய்ச்சல்!

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வரும்போது காய்ச்சலையும் ரயில்ல ஏத்திக்கிட்டு வருவாரோ?"

"காய்ச்சல்னாத்தான டீச்சர் லீவு தருவாக..." என்றார் பாண்டியம்மாள். "அப்பாவப் பாக்கணும்னா யாரு தருவா?"

"என்னைக்காச்சும் கேட்டுப் பாத்தீங்களா?"

கேட்டதே இல்லை!

"மிலிட்டரியில இருந்து அப்பா வந்திருக்காருன்னு எழுதியிருந்தா, நானே மேல சொல்லிச் சலுகை வாங்கியிருப்பேன். இம்புட்டுக் காய்ச்சல வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? சரி, இப்பவாச்சும் உள்ளத எழுதுங்க."

முருகேசன் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினார். டீச்சர் படித்தார், கையெழுத்துப் போட்டார். பரீட்சைக்கும் தானே எழுதி அனுப்புவதாகச் சொன்னார்.

ஓட்டலில் சர்வராக இருந்தபோது எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. முதலாளி நம்பவில்லை. நடுங்கிக்கொண்டே டேபிள் துடைத்தேன். ஏன் நம்பவில்லை என்று இப்போதுதான் புரிகிறது... ஊரே லீவுக்காகக் காய்ச்சலைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டதே!

கிளம்பும்போது டீச்சர் சும்மா இருக்கவில்லை.

"ஆமா சார், ஒங்க ஆபீசர்கிட்ட என்ன சொல்லி லீவு வாங்குனீங்க?"

முருகேசன் மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"மகளுக்குக் காய்ச்சல்னுதான் டீச்சர்..."

மறுநாள் அந்த நோயாளிப் பிள்ளை, ரயிலோடு பிளாட்பாரத்தின் கடைசி வரைக்கும் ஓடியது.