வெற்றிலைத் தட்டும் ஆகாய அடுப்பும்

எழுபதுகளின் கடைசி. அப்பா வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் துண்டு போட்டு விற்றதும் நாங்கள் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்குக்குக் குடிவந்தோம். அப்பாவுக்கு அங்கே தொழிற்சாலை வேலை. எனக்குப் பினாங்கில் இயற்பியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஆனால் பக்கத்து ஊரான லகாட்டிலிருந்து மளிகைக்கடைக்காரர் குடும்பம் பெண் பார்க்க வருகிறது, அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அன்றைக்கே தட்டு மாற்றிவிடுவது, பிறகு படிப்பு கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஈப்போ நூலகத்தில் ஓர் அறிவியல் இதழ் கையில் சிக்கியது. அணுத்துகள்களை அசுர வேகத்தில் தள்ளும் இயந்திரத்தை விண்வெளியில் நிறுத்தலாமாம். பூமியில் அதற்குக் காற்றை உறிஞ்சி எடுத்த நீளக் குழாய் வேண்டும். மேலே வெற்றிடம் சும்மா கிடக்கிறது. நாலா பக்கமிருந்தும் துகள்களைப் பாய்ச்சி மிளகளவு எரிபொருளை நசுக்கினால், அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து சூரியனைப் போல எரியும். யாரும் இன்னும் செய்து பார்க்கவில்லை. அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா என்ன படிக்க ஆசை என்று கேட்டார். மிரண்டு ஓடட்டும் என்றே எல்லாவற்றையும் கொட்டினேன். ஆகாயத்தில் ஓர் அடுப்பு மூட்டப் போகிறார்கள் என்று ஆரம்பித்து, நசுக்குவதைக் காட்ட ஒரு லட்டை உள்ளங்கையில் வைத்து நசுக்கினேன். அப்பா கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளை லட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் தன் கணவரிடம் திரும்பினார். “பொண்ணு நல்லா பேசுதுலா. கடைக்கு வர்ற ஆள சும்மா திருப்பி அனுப்பாது. கல்லாவுல உட்கார வச்சிடலாம்.”

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. வெற்றிலை, பாக்கு, பழம், பூவோடு எங்கள் தட்டு மேசையில் தயாராக இருந்தது. பெண் அதைத் தொடும் வழக்கமே கிடையாது, பெரியவர்கள்தான் கைமாற்றுவார்கள். அப்பா கையை நீட்டுவதற்குள் நான் அதைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பியது. பயந்துதான் போயிருந்தேன். அப்பா உள்ளே வரவில்லை. அம்மாதான் வந்து தட்டை வாங்கி வைத்தாள்.

“அந்த ஆகாய அடுப்பு எரியுமா, எரியாதாடி?”

“தெரியலம்மா. போய்ப் படிச்சாதான் தெரியும்.”

அம்மா தட்டிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து என் கையில் வைத்தாள். “சாப்பிடு. பினாங்கு பஸ்ஸுக்கு அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்.”