ஆறு ரப்பர் மூக்கு

பெரிய வெள்ளிக்கு முந்தைய வாரம் மூக்கு வாங்கப் போனேன்.

சிரிக்காதீர்கள். ரப்பர் மூக்குத்தான். ஸ்தேன் என்ற பிரெஞ்சுப் புறநகரின் பங்கு மண்டபத்தில் எங்கள் ஈழத் தமிழ் ஆட்கள் வருடாவருடம் போடும் இயேசுவின் பாடுகள் நாடகத்துக்கு. எனக்கு யூதத் தலைமைக் குரு வேடம். ஐந்து வசனம், நிறைய உறுமல்.

நெறியாளர் அந்தோனி அண்ணைக்கு ஒரு பிடிவாதம். யூதர் என்றால் நீட்டு மூக்கு வைக்க வேண்டும். ஏன்? "ஊரிலை அப்பிடித்தான் செய்தனாங்கள்!"

இருவரும் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் தேத்தண்ணி குடித்துவிட்டு, ஃபொபூர் சேன்-தெனி தெரு வழியே இறங்கி, மாறுவேடச் சாமான் விற்கும் கடைக்குள் நுழைந்தோம். கடைக்கார மதாம் ஆறு மூக்கை எடுத்து வைத்தார். யாருக்கு என்று கேட்டார்.

"பூர் லே ஜுய்ஃப், மதாம்!" — யூதர்களுக்கு. அண்ணை சொன்ன விதத்தில் என்ன பெருமை!

மதாம் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் யூதப் பெண்தான். எனக்கு எது பொருந்தும்?"

அவருடைய மூக்கு சுண்டங்காய் அளவு. அண்ணையுடையதோ... அண்ணை இந்தப் பத்தியை வாசிப்பவர். விடுங்கள்.

மதாம் எங்களைத் துரத்தவில்லை. சொன்னார். அந்தக் கால ஐரோப்பாவில் பெரிய வெள்ளிப் பிரசங்கம் கேட்ட சனம், சில ஊர்களில் நேரே யூதர் தெருவுக்குப் போய் அடிக்குமாம். கடவுளைக் கொன்றவர்களாம். கொள்ளைநோய் வந்தால், கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்று பழியாம். "இப்போது கிணறு இல்லை. கைபேசி இருக்கிறது" என்றார்.

கூட்டமாக ஆட்கள் வீடு தேடி வருவது என்னவென்று இனக்கலவரம் கண்ட எங்களுக்குப் பாடம் எடுக்கவா வேண்டும்? அண்ணை தலையைக் குனிந்தபடி "பார்தோன், மதாம்" என்று மன்னிப்புக் கேட்டார். வெறுங்கையோடு வெளியே வந்தோம்.

அன்றைய ஒத்திகையில் கலகம். காவலன் வேடம் போட்ட சேவியர்தான் தொடக்கினான். "மூக்கில்லாமல் யூதரை என்னண்டு அண்ணை அடையாளம் காணுறது?"

மாதா வேடம் போட்ட ரீற்றா இடுப்பில் கை வைத்தார். "மாதாவும் யூதப் பொம்பிளைதானே? இயேசு, பேதுரு, யோவான்... எல்லாரும் யூதர். வைக்கிறதெண்டால் எல்லாருக்கும் வையுங்கோ. எனக்கு மூக்குத்தி குத்தின மாதிரி ஒண்டு பாருங்கோ!"

இயேசு வேடம் போட்டவர் பயந்துபோய்த் தன் மூக்கைத் தடவிப் பார்த்தார்.

"சிலுவையிலை அறைஞ்சது உரோமைச் சிப்பாய். அவனுக்கு ஒரு மூக்கும் இல்லையோ?" — இதுவும் ரீற்றாதான்.

ஒத்திகை பார்க்க வந்திருந்த பங்கு ஃபாதர் அண்ணையின் தோளில் தட்டினார். "யூத சனத்திலை பழி போடக் கூடாதெண்டு திருச்சபை எப்பவோ சொல்லிப்போட்டுது. உம்மடை நாடகக் கொப்பிக்குத்தான் இன்னும் தகவல் வரேல்லை."

அண்ணை பேனையை எடுத்தார். கொப்பியில் 'யூதர்கள் கத்துகிறார்கள்' என்றிருந்த இடமெல்லாம் 'கூட்டம் கத்துகிறது' ஆயிற்று. என் உறுமலும் போயிற்று. அது தனிப்பட்ட இழப்பு.

நானும் சும்மா இருக்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'உலகத்தையே யூதர்தான் ஆட்டுகிறார்கள்' என்று மச்சான் அனுப்பியதற்கு ஒரே கேள்வி போட்டேன். "ஆர் சொன்னது?" மறுபடி கேட்டேன். மூன்றாம் முறை, அனுப்பியதை அழித்துவிட்டார். என்னோடு கதைப்பதையும் நிறுத்திவிட்டார். இரட்டை லாபம்!

நாடகம் முடிந்தது. பக்கத்து ஊரான பியர்ஃபித்திலிருந்து வந்திருந்த ஒருவர் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு குறைப்பட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருந்தது. ஆனா இந்த முறை கெட்டவங்கள் எல்லாரும் எங்கடை ஆக்கள் மாதிரியே இருந்தாங்கள்."

நான் அவரைத் திருத்தவில்லை.